விருந்தாளி வாயு

கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு மூச்சு என்பது மிகவும் சௌகரியமான சரக்கு. கதாநாயகி பெருமூச்சு விடுவாள். திருடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பான். தாத்தா கடைசி மூச்சை விடுவதற்குள் உயில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் வெகு காலமாக இந்தச் சரக்கைத்தான் விற்று வருகிறேன். ஆனால் உள்ளே இழுத்த மூச்சு எந்தச் சந்தில் நுழைகிறது, எந்தப் பொந்தில் தங்குகிறது, எந்த இடத்தில் வழி அடைபட்டு நிற்கிறது என்பதைத் தெளிவாகக் கண்ணால் பார்ப்பது எப்படி? இந்தக் கேள்வி எழுத்தாளனுக்கு அவசியமில்லை. மூச்சுத் திணறி உட்கார்ந்திருப்பவனுக்கும் அவனுடைய வைத்தியருக்கும் மிக மிக அவசியம்.

மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969 ஜூலையில். நுரையீரலுக்குள் நிரம்பிய வாயுவையே காந்தத்தின் உதவியால் படம் பிடித்த செய்தி ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது 1994 ஜூலையில். சரியாக 25 வருஷம் வித்தியாசம். அதாவது, சந்திரனை எட்டுவது முதலில் முடிந்தது. சொந்த நெஞ்சுக்கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பது பிறகுதான் முடிந்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதில் ஒரு சூரிய கிரகணம் வருகிறது, அணுகுண்டு வருகிறது, ஒரு சுண்டெலியும் வருகிறது. ஆகையால் அலுப்புத் தட்டாது என்று நம்புகிறேன்.

நுரையீரலை வைத்தியர்கள் முதலில் அறிந்தது கண்ணால் அல்ல, காதால். ஆஸ்திரியாவில் ஆவன்புருக்கர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய தகப்பனார் சத்திரம் நடத்தியவர். பீப்பாயில் சாராயம் எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது அந்தத் தொழிலில் வழக்கம். மகன் அதையே மனித மார்பில் செய்து பார்த்தார். காற்று இருக்கும் இடம் ஒரு மாதிரி ஒலிக்கிறது, நீர் கோத்த இடம் வேறு மாதிரி ஒலிக்கிறது என்று கண்டு 1761-ல் புத்தகம் எழுதினார். 1816-ல் பாரிஸில் லேனெக் என்ற டாக்டர் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இன்று எல்லா டாக்டர்களின் கழுத்திலும் தொங்கும் ஸ்டெதாஸ்கோப் அப்படிப் பிறந்தது.

1895-ல் ராண்ட்கன் எக்ஸ்-ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். நுரையீரலைக் காணக் கண் கிடைத்துவிட்டது என்று உலகம் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான், எத்தனையோ க்ஷயரோகிகளை அந்தப் படம் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எக்ஸ்-ரே காட்டுவது நிழலை. சளி கட்டியிருந்தால், புண் இருந்தால், கட்டி இருந்தால் நிழல் விழும். காற்றுக்கு நிழல் ஏது? 1970-களில் வந்த ஸி.டி. ஸ்கான் அதைவிடப் பல மடங்கு நுட்பமானது. ஆனாலும் அதுவும் வீட்டின் சுவரையும் தூணையும் அளந்து காட்டுகிறதே தவிர, ஜன்னல் வழியாகக் காற்று வருகிறதா என்று நேராகச் சொல்வதில்லை. கதிரியக்கம் உள்ள வாயுவைச் சுவாசிக்கச் செய்து, அது பரவும் விதத்தை வெளியிலிருந்து பார்க்கும் ஒரு முறையும் உண்டு. அது பயன்படத்தான் செய்தது. ஆனால் அந்தப் படம் பனிமூட்டத்தில் பார்த்த ஊர் மாதிரி இருக்கும்.

எங்கள் தெருவில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். மாடிப்படி ஏழு ஏறினால் எட்டாவது படியில் உட்கார்ந்துவிடுவார். "தம்பி, காத்து உள்ளே போகுது, ஆனா போய்ச் சேர மாட்டேங்குது" என்பார். ஒரு டாக்டரிடம் படம் எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. இன்னொரு டாக்டரிடம் எடுத்தார்கள், அதுவும் சுத்தம். "உடம்பில் ஒன்றுமில்லை, மனசைத் தளரவிடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உள்ளவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பாசாங்கு செய்கிறார் என்று நினைக்கத் தொடங்கினார்கள். வியாதியைவிட அதுதான் அவரை அதிகமாக வாட்டியது. அவர் சொன்ன அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள்: காற்று உள்ளே போகிறது, ஆனால் போய்ச் சேரவில்லை. விஞ்ஞானம் இந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க வெகு தூரம் சுற்றி வர வேண்டியிருந்தது.

காந்தத்தால் உடம்புக்குள் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரத்தை இப்போது பெரும்பாலோர் அறிவார்கள். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சின்னஞ்சிறு காந்த ஊசி. வலுவான காந்தத்துக்குள் அதை வைத்து, தக்க ரேடியோ அலையால் தட்டினால், அது பதிலுக்கு ஒரு குரல் கொடுக்கும். இதை 1946-ல் ஸ்டான்போர்டில் பிளாக்கும் ஹார்வர்டில் பர்ஸலும் தனித்தனியாகக் கண்டார்கள். 1952-ல் இருவருக்கும் சேர்த்து நோபெல் பரிசு கிடைத்தது. அந்தக் குரல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்து, அதைப் படமாக்க முடியும் என்று காட்டியவர் பால் லாட்டர்பர். நியூயார்க் மாகாணத்து ஸ்டோனி புரூக் சர்வகலாசாலையில் இருந்தவர். 1973-ல் அவர் வெளியிட்ட முதல் படத்தில் இருந்தது மூளையும் இல்லை, இதயமும் இல்லை; தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள்தான்.

நம் உடம்பில் பெரும் பகுதி தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன். ஆகவே மூளை, ஈரல், முட்டி எல்லாம் எம்.ஆர்.ஐ. படத்தில் அழகாகத் தெரிகின்றன. நுரையீரல் மட்டும் தெரிவதில்லை. அங்கே நிறைந்திருப்பது காற்று. போதாக்குறைக்கு, காற்றும் சதையும் அடுத்தடுத்து இருக்கும் கோடிக்கணக்கான எல்லைகளில் காந்தப் புலம் கலங்கிவிடுகிறது. படத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே இரண்டு கறுப்புக் குகைகள், அவ்வளவுதான். அதற்குள்ளேதான் 30 கோடியிலிருந்து 48 கோடி வரை மதிப்பிடப்படும் காற்றுப்பைகள் இருக்கின்றன. மனிதன் உயிர் வாழும் வியாபாரம் முழுவதும் அந்தக் கறுப்புக்குள் நடக்கிறது.

சரி, ஒரு வாயுவை உள்ளே அனுப்பி, அந்த வாயுவின் கருக்களையே பேச வைத்தால் என்ன? இங்கே ஒரு பெரிய தடை உண்டு. ஒரு கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம். பத்து லட்சம் பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவருக்கொருவர் எதிராக இழுக்கிறார்கள். இரண்டு கட்சியும் ஏறக்குறையச் சமம். முன் வடத்தில் ஐந்தே ஐந்து பேர் அதிகம். தேர் நகருவது அந்த ஐந்து பேருடைய பலத்தால். சாதாரண எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் காந்தத்தில் ஹைட்ரஜன் கருக்களின் நிலைமை ஏறத்தாழ இதுதான். பத்து லட்சத்தில் ஐந்தைப் போன்ற ஒரு அற்ப வித்தியாசத்திலிருந்து படம் வருகிறது. தண்ணீரில் கருக்கள் நெருக்கமாக இருப்பதால் அது போதும். வாயுவில் அணுக்கள் மிக மிகக் கலைந்து கிடக்கின்றன. ஐந்து பேருடைய பலம் அங்கே எடுபடாது. முன் வடத்துக்கு இன்னும் லட்சக்கணக்கான பேரை இழுத்து வந்தால்தான் தேர் ஓடும்.

அப்படி ஆள் சேர்க்கும் வித்தை பாரிஸில் பிறந்தது. 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆல்பிரட் காஸ்ட்லர் என்ற பௌதிக மேதை, ஒளிக்குள் ஒரு சுழற்சி உண்டு, அந்தச் சுழற்சியை அணுக்களுக்கு ஊட்டி அவற்றையெல்லாம் ஒரே திசையில் திருப்பலாம் என்று காட்டினார். 1966-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1960-ல் பிரின்ஸ்டனில் பூஷியா என்ற பிரெஞ்சுப் பெண்மணியும் கார்வர், வார்னம் என்ற இருவரும் இன்னொரு படி ஏறினார்கள். ருபீடியம் என்ற உலோகத்தின் ஆவியை ஒளியால் ஒழுங்குபடுத்தி, அதோடு ஹீலியத்தின் அபூர்வ வகையான ஹீலியம்-3 வாயுவைக் கலந்து வைத்தார்கள். ருபீடியம் அணுவும் ஹீலியம் அணுவும் மோதும்போது, முன்னதன் ஒழுங்கு பின்னதன் கருவுக்கு மெல்ல மெல்லத் தொற்றிக்கொண்டது. ஒழுக்கமுள்ள வாத்தியாரிடம் படித்த பிள்ளைகள் மாதிரி! லேசர் விளக்கு வந்த பிறகு இந்த வித்தை பல மடங்கு பலம் பெற்றது.

இவர்களில் ஒருவருக்கும் நுரையீரலைப் பற்றிய எண்ணமே கிடையாது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அணுக்கருவின் இயல்பை அறிய வேண்டும் என்ற ஒரே ஆசைதான் அவர்களை நடத்தியது. பிரின்ஸ்டனில் பிற்காலத்தில் இந்த வித்தையை வளர்த்த ஹாப்பர், கேட்ஸ் முதலியவர்களும் பௌதிகக்காரர்களே.

இனி இந்தக் கதையின் இரண்டு முக்கியப் பாத்திரங்களை அறிமுகப்படுத்துகிறேன். இரண்டும் வாயுக்கள். இரண்டும் மற்றப் பொருள்களோடு எளிதில் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத துறவிகள். முதலாவது ஹீலியம். இதன் ஜாதகத்தில் நம் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். அப்போதைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் ஜான்ஸன் என்ற பிரெஞ்சுக்காரரும், மசூலிப்பட்டணத்தில் சென்னை வானாராய்ச்சி நிலையத்துப் போக்ஸனும் சூரியனின் விளிம்பில் எழும் தழல்களைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒளியிலும், அதே வருஷம் அக்டோபரில் லாக்கியர் இங்கிலாந்தில் பார்த்த ஒளியிலும் இருந்த ஒரு மஞ்சள் கோடு பூமியில் தெரிந்த எந்தப் பொருளுக்கும் பொருந்தவில்லை. சூரியனின் கிரேக்கப் பெயரை வைத்து ஹீலியம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பூமியிலும் ஹீலியம் உண்டு என்று 1895-ல் காட்டியவர் வில்லியம் ராம்ஸே.

இரண்டாவது பாத்திரம் செனான். அதையும் கண்டுபிடித்தவர் அதே ராம்ஸேதான். 1898-ல் லண்டனில் அவரும் டிராவர்ஸும் திரவமாக்கிய காற்றைப் பிரித்துப் பிரித்து, கடைசியில் தங்கிய கசண்டில் அதைக் கண்டார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே அது இருக்கிறது. ஆனால் ஒரு கோடி பங்கில் ஒரு பங்குகூட இல்லை. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு அந்நியன் என்று பொருள். அதே சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள் உண்டாம். நமக்கு இது வியப்பல்ல. பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. முன்பின் அறியாமல் புதிதாக வருகிறவனே விருந்தாளி. செனானுக்கு ஒரு தனிக் குணமும் உண்டு. ஹீலியத்தைப் போல ஒட்டாமல் இராமல், அது கொழுப்பிலும் ரத்தத்திலும் கரையும். அதிக அளவில் சுவாசித்தால் மயக்கம் வரும். 1951-ல் கல்லன், கிராஸ் என்ற இரு அமெரிக்கர்கள் அதையே மயக்க மருந்தாகக் கொடுத்து ரண சிகிச்சைக்குப் பயன்படுத்தினார்கள்.

இப்போது 1994-க்கு வருவோம். லாட்டர்பர் தண்ணீர்க் குழாய்களைப் படம் பிடித்த அதே ஸ்டோனி புரூக்கில் ஆல்பர்ட், விஷ்னியா முதலிய ரசாயனக்காரர்கள் இருந்தார்கள். பிரின்ஸ்டனில் ஹாப்பர், கேட்ஸ் முதலிய பௌதிகக்காரர்கள். இரண்டு கோஷ்டியும் சேர்ந்தன. லேசரால் ஒழுங்குபடுத்திய செனானை, சுண்டெலியின் உடம்பிலிருந்து எடுத்த நுரையீரலில் நிரப்பி, காந்தத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். இதுவரை கறுப்பாகவே இருந்த குகை பிரகாசமாகத் தெரிந்தது. அந்தக் கட்டுரையின் கீழ்க் கையெழுத்திட்டவர்கள் ஏழு பேர். அவர்களில் பாஸ்டியன் டிரீஹைஸ் என்று ஓர் இளைஞர். அப்போது பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, முதல் படத்தை எடுத்துக் கொடுத்தது செனான். ஆனால் பந்தியில் முதல் இலை அதற்குக் கிடைக்கவில்லை. ஹீலியம்-3 வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் நியாயமானதுதான். ஹீலியம்-3 கருவின் காந்தம் செனான் கருவின் காந்தத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வலுவானது. அதை ஒழுங்குபடுத்துவதும் அந்நாளில் எளிதாக இருந்தது. ரத்தத்தில் கரையாது, மயக்கமும் வராது. 1996-ல் ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தாரும் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையாரும் உயிருள்ள மனிதர்களின் நுரையீரலை ஹீலியம்-3 கொண்டு படம் எடுத்துக் காட்டினார்கள். மறு வருஷமே வர்ஜீனியாவில் செனானைக் கொண்டும் மனிதப் படம் எடுத்தார்கள். ஆனால் அது மங்கல். பளிச்சென்று இருந்த ஹீலியத்தை விட்டுவிட்டு மங்கலை யார் நாடுவார்கள்?

சுமார் பத்து வருஷம் ஹீலியத்தின் ராஜ்யம் நடந்தது. அது நல்ல ராஜ்யம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமாக்காரர்களின் நுரையீரல் அந்தப் படத்தில் ஒட்டுப் போட்ட துணி மாதிரி தெரிந்தது: காற்று புகுந்த இடம் வெளிச்சம், புகாத இடம் இருட்டு. மார்பு முழுவதையும் ஒரே எண்ணாக அளக்கும் ஊதுகருவி 'எல்லாம் சரி' என்று சொன்ன சிலருக்குக்கூட இருட்டுத் திட்டுகள் தெரிந்தன. புகைபிடித்துக் காற்றுப்பைகள் பிய்ந்துபோனவர்களின் நுரையீரலில் ஹீலியம் தாராளமாக உலாவுவதைக் கண்டு, பையின் சுவர் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று கணக்கிடவும் கற்றுக்கொண்டார்கள். இந்த வாயுவின் ஒழுங்கு நுரையீரலில் உள்ள பிராண வாயு பட்டாலே கலைந்துவிடும்; சில பத்து விநாடிகளில் எல்லாம் முடிந்துபோகும். ஆகையால் நோயாளி ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் படம் எடுத்தாக வேண்டும். அந்த வேகமும் அப்போது பழகியதுதான்.

இந்த ஹீலியம்-3 எங்கிருந்து வந்தது? அங்கேதான் அணுகுண்டு வருகிறது. இயற்கையில் ஹீலியம்-3 மிக அபூர்வம். ஆனால் ஹைட்ரஜன் குண்டில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்க்கிறார்கள். டிரிட்டியம் ஏறக்குறைய 12 வருஷத்தில் பாதியாகக் கரைந்துபோகும். கரைந்து எதுவாக மாறுகிறதென்றால், ஹீலியம்-3 ஆக. குண்டு கெடாமல் இருக்க இந்தக் கழிவை அவ்வப்போது எடுத்துவிட்டுப் புது டிரிட்டியம் நிரப்ப வேண்டும். எடுத்த கழிவு அமெரிக்க அரசாங்கத்தின் களஞ்சியத்தில் சேர்ந்துகொண்டே வந்தது. வேறு உபயோகம் அதிகமில்லாததால் விலையும் மலிவு. ஊர்களையே சாம்பலாக்கச் செய்து வைத்த குண்டின் வயிற்றில் ஊறிய வாயு, ஆஸ்துமாக் குழந்தையின் மார்பில் புகுந்து வெளிச்சம் காட்டிற்று. இப்படி ஒரு சம்பவத்தை நான் நாவலில் எழுதியிருந்தால், "நம்பும்படியாக இல்லையே" என்று விமர்சகர்கள் சொல்லியிருப்பார்கள்.

பிறகு இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. சோவியத் யூனியனுடன் இருந்த பகைமை தணிந்து, குண்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. அதனால் ஹீலியம்-3 வரத்தும் குறைந்தது. உலகத்துக்கு நல்ல செய்தி, நுரையீரல் ஆராய்ச்சிக்குக் கெட்ட செய்தி. இரண்டாவது, 2001 செப்டம்பர் 11. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு, யாராவது அணு வெடிபொருளைத் திருட்டுத்தனமாகக் கொண்டு வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், துறைமுகங்களிலும் எல்லைச் சாவடிகளிலும் நியூட்ரான் கண்டறியும் கருவிகளை நூற்றுக்கணக்கில் நிறுத்தினார்கள். அந்தக் கருவியின் உயிர் ஹீலியம்-3. 2001-ல் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் இருந்த அமெரிக்கக் கையிருப்பு, பத்து வருஷத்துக்குள் கால் பங்குக்கும் கீழே இறங்கியது. விலை பல மடங்கு ஏறியது. 2010 ஏப்ரலில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஒரு உட்குழு இதைப் பற்றி விசாரணை நடத்தியபோது, சாட்சி சொன்னவர்களில் நுரையீரல் ஆராய்ச்சியாளர் ஒருவரும் இருந்தார். பயம் கொடுத்த வாயுவைப் பயமே திரும்ப எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் பின்கட்டில் உட்கார்ந்திருந்த விருந்தாளியின் நினைவு எல்லோருக்கும் வந்தது. செனானுக்குத் தட்டுப்பாட்டுப் பயம் இல்லை. இரும்பாலைகளுக்காகவும் ஆஸ்பத்திரிகளுக்காகவும் காற்றைத் திரவமாக்கிப் பிராண வாயு பிரிக்கும் தொழிற்சாலைகளில் அது கிடைக்கும். இதற்குள் அதைச் சிலர் கைவிடாமல் சீராட்டி வந்திருந்தார்கள். டிரீஹைஸும் அவருடைய தோழர்களும் 1996-லேயே, செனானை ஓடவிட்டு ஒழுங்குபடுத்தி, அதைத் திரவ நைட்ரஜனின் குளிரில் பனிக்கட்டியாக உறையவைத்துச் சேமிக்கலாம் என்று காட்டியிருந்தார்கள். உறைந்த நிலையில் அதன் ஒழுங்கு மணிக்கணக்கில் கெடாது. வேண்டும்போது உருக்கி ஒரு பையில் பிடித்துக்கொள்ளலாம். லேசர்களும் வருஷத்துக்கு வருஷம் வலுவாகி மலிவாகி வந்தன. மங்கலாக இருந்த செனான் படம் ஹீலியம் படத்தோடு போட்டி போடுகிற அளவுக்குத் தெளிந்தது.

இதோடு நின்றிருந்தால், அரிசிப் பஞ்சத்தில் கேழ்வரகு தின்ற கதையாக முடிந்திருக்கும். அப்படி முடியவில்லை. எந்தக் குணத்துக்காகச் செனானை ஒதுக்கினார்களோ, அதே குணம்தான் அதன் பெருமையாயிற்று. செனான் ரத்தத்தில் கரையும் என்றேன் அல்லவா? மூச்சோடு உள்ளே போன செனானில் ஒரு சிறு பகுதி, பிராண வாயு போகும் அதே வழியில், காற்றுப்பையின் மெல்லிய சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் நுழைகிறது. அந்தச் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனம். இதில் அதிசயம் என்னவென்றால், காற்றுப்பைக்குள் இருக்கும்போது செனான் கரு ஒரு சுருதியில் பேசுகிறது. சுவரில் கரைந்திருக்கும்போது வேறு சுருதி. ரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் நுழைந்த பிறகு இன்னொரு சுருதி. யந்திரத்துக்கு இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரியும். எந்த இடத்தில் எத்தனை செனான் வாசலில் நிற்கிறது, எத்தனை திண்ணையில் இருக்கிறது, எத்தனை கூடத்துக்கே வந்துவிட்டது என்று கணக்கு எடுத்துவிடலாம். 2010-ல், அதாவது வாஷிங்டனில் ஹீலியத்துக்காக விசாரணை நடந்த அதே வருஷம், வர்ஜீனியாவில் மக்லர் குழுவினர் காற்று பரவும் விதத்தையும் அது ரத்தத்தில் சேரும் விதத்தையும் ஒரே மூச்சில் படமாக்கி வெளியிட்டார்கள்.

ஹீலியம் வாசலோடு நிற்கிற பிரமுகர். வீட்டு வாசல் எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். சமையற்கட்டில் அடுப்பு எரிகிறதா என்று சொல்லாது. செனான் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. ஹீலியம் மலிவாகவே கிடைத்துக்கொண்டிருந்தால், இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொள்ள இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ! இதனால் பஞ்சம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சத்தால் எத்தனையோ ஆராய்ச்சிகள் நடுவழியில் நின்றன. ஹீலியத்தின் பத்து வருஷத்தில் கற்ற வித்தைகள் இல்லாமல் செனான் இவ்வளவு வேகமாக முன்னேறியிருக்கவும் முடியாது. ஆனால் சௌகரியமாக இருக்கும் வரையில் மனிதன் பளிச்சென்று தெரிவதைத்தான் பார்ப்பான் என்பதற்கு இந்தச் சரித்திரம் ஒரு சாட்சி.

பரீட்சை சீக்கிரமே வந்தது. 2020-ல் கோவிட் என்னும் கொள்ளை நோய் உலகத்தைச் சூழ்ந்தது. நோய் தீர்ந்து வீடு திரும்பிய பலர், மாதங்கள் கழித்தும் மூச்சு முட்டுகிறது என்றார்கள். ஸி.டி. ஸ்கான் எடுத்தால் சிலருக்குப் படம் சுத்தமாகவோ ஏறக்குறையச் சுத்தமாகவோ இருந்தது. பஞ்சாலைப் பெரியவருக்குக் கிடைத்த பதில்தான் அவர்களுக்கும் கிடைத்தது. சீனத்தில் வூஹானிலும், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டிலும் ஷெஃபீல்டிலும் இருந்தவர்கள் இத்தகையவர்களுக்குச் செனானைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் ஆக்ஸ்போர்டில் கிளீஸனும் ஷெஃபீல்டில் வைல்டும் சேர்ந்த குழு வெளியிட்ட முதல் ஆராய்ச்சியில் நோயாளிகள் ஒன்பதே பேர். செனான் காற்றுப்பை வரையில் போயிற்று. ஆனால் அங்கிருந்து ரத்தத்துக்குள் சேருவது ஆரோக்கியமானவர்களுக்கு இருப்பதைவிடக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேராமலே நோயைக் கடந்தவர்கள் சிலரிடமும் அதே குறையைப் பின்பு கண்டார்கள். சின்னக் கூட்டத்தில் கண்ட முடிவுதான். அதைக் கொண்டு எல்லோருக்கும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் காற்று உள்ளே போகிறது, போய்ச் சேரவில்லை என்ற வாக்கியத்தை முதல் தடவையாக ஒரு படம் வண்ணம் தீட்டிக் காட்டிவிட்டது. அந்த ஒன்பது பேரும் பாசாங்கு செய்யவில்லை.

2022 டிசம்பர் 23-ஆம் தேதி, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா ஒழுங்குபடுத்திய செனானை ஆஸ்பத்திரிகளில் உபயோகிக்க அனுமதி கொடுத்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, நுரையீரலில் காற்று பரவும் விதத்தைப் பார்ப்பதற்கு மட்டும் என்று அந்த அனுமதி சொல்லியது. ரத்தத்தில் சேருவதைப் பார்ப்பது அதில் அடங்கவில்லை. அதற்காக முயன்ற கம்பெனியை ஸ்தாபித்தவர் வேறு யாருமல்ல. 1994-ல் ஏழு பேரில் ஒருவராகக் கையெழுத்திட்ட அந்த மாணவர் டிரீஹைஸ்தான். எலியின் நுரையீரலிலிருந்து மனிதனுடைய ஆஸ்பத்திரிக்கு வர 28 வருஷம் ஆயிற்று. அவருடைய தலைமயிர் இதற்குள் எந்த நிறமாகியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இன்று அந்தப் பரீட்சை நடக்கும் விதம் மிகச் சாதாரணம். மார்பில் ஒரு சட்டை மாதிரி கம்பிச்சுருளை மாட்டுகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் உள்ள வாயுவை உறிஞ்சச் சொல்கிறார்கள். பத்துப் பதினைந்து விநாடி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிலருக்குத் தலை லேசாகக் கிறுகிறுக்கும். செனான் காற்றைவிடக் கனமானதாகையால், உடனே பேசினால் குரல் சற்றுக் கட்டையாக வரும். எக்ஸ்-ரேயைப் போன்ற கதிர் இதில் இல்லை. ஆகவே அதே நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுகொள்ளலாம்.

ஆனால் இந்த வசதி உலகத்தில் சில ஊர்களில்தான் உண்டு. யந்திரமும் லேசரும் அதற்கென்று பழகிய ஆட்களும் வேண்டும். கோடானுகோடிப் பேருக்கு இன்னும் வெகு காலம் ஸ்டெதாஸ்கோப்பும் எக்ஸ்-ரேயும்தான். ஆகையால் இந்தச் சரித்திரத்திலிருந்து சாதாரண ஆஸ்பத்திரிக்கும் சாதாரண வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவு கிடையாது. படத்தில் ஒன்றுமில்லை என்பது ஒரு வாக்கியம். உடம்பில் ஒன்றுமில்லை என்பது வேறு வாக்கியம். முதலாவதைச் சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. இரண்டாவதைச் சொல்வதற்கு முன், திணறுகிறவனிடம் இன்னொரு தடவை விசாரித்து, அவன் என்ன வார்த்தையில் சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த வார்த்தையைச் சோதிக்கும் கருவி இன்னும் பிறக்காமல் இருக்கலாம். பிறந்தும் நம் ஊருக்கு வந்து சேராமல் இருக்கலாம்.